களைக்கொல்லி வாங்குமுன் ஐந்து கேள்விகள்

"களை பிடுங்காப் பயிர் கால் பயிர்" என்பது நம் முன்னோர் கண்ட உண்மை. பயிருக்கு இடும் உரத்திலும், பாய்ச்சும் நீரிலும், விழும் வெயிலிலும் களை பங்கு கேட்கிறது. பயிரைவிட வேகமாக வளர்வதால் பெரும் பங்கையும் அதுவே எடுத்துக் கொள்கிறது. அன்று களை பறிக்க வீட்டு ஆட்களும் அக்கம்பக்கத்து ஆட்களும் கிடைத்தார்கள். இன்று தக்க நாளில் ஆள் கிடைப்பதில்லை. கிடைத்தாலும் கூலி கட்டுபடியாவதில்லை. ஆகவே சிறு குறு உழவர்களும் களைக்கொல்லியை நாடத் தொடங்கி விட்டார்கள். இதில் தவறேதும் இல்லை. ஆனால், பூச்சி மருந்தைத் தவறாகத் தேர்ந்தெடுத்தால் பூச்சி சாகாமல் போகும். களைக்கொல்லியைத் தவறாகத் தேர்ந்தெடுத்தாலோ பயிரே செத்துப் போகும். பூச்சி மருந்துக்கும் களைக்கொல்லிக்கும் உள்ள பெரிய வேறுபாடு இதுதான். களையும் ஒரு செடி, பயிரும் ஒரு செடி. ஒன்றை அழித்து மற்றொன்றைக் காப்பாற்ற வேண்டிய நுட்பமான வேலை இது.

மருந்துக் கடைக்குச் செல்லும் உழவர்களில் பலர், "புல்லுக்கு நல்ல மருந்தாக ஒன்று கொடுங்கள்" என்று கேட்கிறார்கள். இந்தக் கேள்விக்கு எந்த விஞ்ஞானியாலும் விடை சொல்ல முடியாது. எல்லாக் களைக்கும், எல்லாப் பயிருக்கும், எல்லா நாளுக்கும் ஏற்ற களைக்கொல்லி என்று ஒன்று கிடையாது. கடைக்குப் புறப்படுமுன் வயல் வரப்பில் நின்று ஐந்து கேள்விகளுக்கு விடை காணுங்கள். விடைகள் தெளிவாக இருந்தால் மருந்தின் பெயர் தானாகவே கிடைத்து விடும்.

முதல் கேள்வி: களை எது?

வயலில் முளைக்கும் நூற்றுக்கணக்கான களைகளின் பெயர்களையும் நீங்கள் தெரிந்து வைத்திருக்க வேண்டியதில்லை. அவற்றை மூன்று குடும்பங்களாகப் பிரிக்கத் தெரிந்தால் போதும். அவை புல் வகை, கோரை வகை, அகன்ற இலை வகை என்பன.

குதிரைவாலிப் புல், அருகம்புல், இஞ்சிப்புல், காக்காய்க்கால் புல் ஆகியவை புல் வகையைச் சேர்ந்தவை. கோரைக்கிழங்கு, வட்டக்கோரை, ஊசிக்கோரை ஆகியவை கோரை வகை. சாரணை, குப்பைக்கீரை, தொய்யக்கீரை, கையாந்தகரை, ஆரைக்கீரை, பார்த்தீனியம் போன்றவை அகன்ற இலை வகை. இவற்றுள் அகன்ற இலைக் களைகளைக் கண்டுகொள்வது எளிது. புல்லுக்கும் கோரைக்கும் வேறுபாடு தெரியாமல்தான் பலர் பணத்தை இழக்கின்றனர். இரண்டும் ஒல்லியான இலையுடன் பச்சைப் பசேலென்று நிற்பதால் இரண்டையும் "புல்" என்றே அழைக்கிறோம்.

இதற்கு ஓர் எளிய சோதனை உண்டு. செடியின் தண்டைக் கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையே வைத்து உருட்டிப் பாருங்கள். புல்லின் தண்டு பெரும்பாலும் உருண்டையாகவோ சற்றுத் தட்டையாகவோ இருக்கும், கணுக்கள் தெரியும், கணுவுக்கும் கணுவுக்கும் இடையே பெரும்பாலும் உள்ளே குழலாக இருக்கும். கோரையின் தண்டு பெரும்பாலும் மூன்று பட்டையாக இருப்பதால் விரலுக்கிடையே நன்றாக உருளாது. அதில் கணு தெரியாது, உள்ளே கெட்டியாக இருக்கும். இந்த ஒரு சோதனை பல நூறு ரூபாயை மிச்சப்படுத்தும். எடுத்துக்காட்டாக, குவிசாலோபாப் எத்தில் என்ற மருந்து புல் வகையை மட்டுமே கொல்லும். கோரை நிற்கும் வயலில் இதைத் தெளித்துவிட்டு, "மருந்து போலி" என்று கடைக்காரரோடு சண்டையிடுவதில் பயனில்லை. மருந்து நல்ல மருந்தாகவே இருக்கலாம். அது கொல்ல வேண்டிய களை அந்த வயலில் இல்லை.

நெல் வயலில் இன்னொரு குழப்பம் உண்டு. இளம் குதிரைவாலிப் புல் பார்வைக்கு நெல் நாற்றைப் போலவே இருக்கும். இலையைத் தண்டிலிருந்து சற்றே விலக்கி, இரண்டும் சேரும் இடத்தை உற்றுப் பாருங்கள். நெல்லில் அந்த இடத்தில் மெல்லிய வெண்சவ்வும், இருபுறமும் மயிரடர்ந்த சிறு காது போன்ற உறுப்புகளும் இருக்கும். குதிரைவாலிப் புல்லில் சவ்வும் இல்லை, காதும் இல்லை. அந்த இடம் வழவழப்பாக இருக்கும். நாற்றங்காலிலேயே இதைப் பார்த்து அகற்றி விட்டால், களையையும் நாற்றோடு சேர்த்து நடும் கொடுமை நேராது.

இரண்டாவது கேள்வி: பயிர் எது?

ஒரு மருந்து பயிரைக் கொல்லாமல் களையை மட்டும் கொல்வது எப்படி என்று பலருக்கும் ஐயம் எழும். மக்காச்சோளமும் அட்ரசினும் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. அட்ரசின் செடிக்குள் நுழைந்ததும், இலை வெயிலைக் கொண்டு உணவு சமைக்கும் வேலையைத் தடுக்கிறது. மக்காச்சோளச் செடிக்குள் இந்த மருந்தைச் சிதைத்து நச்சற்றதாக மாற்றும் ஆற்றல் இயற்கையிலேயே அமைந்திருக்கிறது. ஆகவே மக்காச்சோளம் பிழைக்கிறது. அந்த ஆற்றல் இல்லாத களைகள் பட்டினியால் மடிகின்றன.

உளுந்துக்கும் பாசிப்பயறுக்கும் அந்த ஆற்றல் கிடையாது. எனவே மக்காச்சோளத்தில் உளுந்தையோ தட்டைப்பயறையோ ஊடுபயிராக விதைத்திருந்தால் அட்ரசினைத் தொடவே கூடாது. மக்காச்சோளத்துக்கு ஏற்ற மருந்து என்று புட்டியில் அச்சிட்டிருப்பது முற்றிலும் உண்மை. ஆனால் ஊடுபயிர் இருப்பது புட்டிக்குத் தெரியாது. அதை நினைவில் வைக்க வேண்டியவர் நீங்கள்தான்.

பயிர் எது என்று கேட்கும்போது மூன்று பயிர்களை மனத்தில் கொள்ள வேண்டும். முதலாவது, இப்போது நிற்கும் பயிரும் அதன் ஊடுபயிரும். இரண்டாவது, இதை அறுத்த பின் விதைக்கப் போகும் பயிர். சில மருந்துகள் மண்ணில் நீண்ட நாள் தங்கும். பயறு வகைகளிலும் நிலக்கடலையிலும் பயன்படும் இமாசெத்தாபைர் இத்தகையது. இதைத் தெளித்த நிலத்தில் அடுத்து எந்தப் பயிரை, எத்தனை நாள் கழித்து விதைக்கலாம் என்று துண்டுப் பிரசுரத்தில் படித்துத் தெரிந்து கொள்ள வேண்டும்.

மூன்றாவது, பக்கத்து வயலில் நிற்கும் பயிர். 2,4-டி என்ற மருந்து அகன்ற இலைக் களைகளை நன்கு அழிக்கும். நெல், மக்காச்சோளம், கரும்பு போன்ற புல்லினப் பயிர்கள் பரிந்துரைத்த பருவத்திலும் அளவிலும் இதைத் தாங்கிக் கொள்ளும். ஆனால் பருத்தி, தக்காளி, மிளகாய், திராட்சை, பயறு வகைகள் இதன் சாரல் பட்டால்கூடத் தாங்கா. பருத்தி இலை குறுகி, நரம்புகள் விரலைப்போல் நீண்டு, செடி முறுக்கிக் கொள்ளும். காற்று உங்கள் வயலிலிருந்து பக்கத்துப் பருத்திக் காட்டுக்கு வீசும் நேரத்தில் 2,4-டி தெளித்தால், அண்டை வீட்டாரின் ஓராண்டு உழைப்பும், அவரோடு உங்களுக்குள்ள உறவும் ஒருசேரக் கெட்டுப் போகும். எஸ்டர் வடிவிலுள்ள 2,4-டி வெப்ப நாளில் ஆவியாகியும் பரவும் என்பதால், அருகில் பருத்தி இருந்தால் அதை அறவே தவிர்க்க வேண்டும்.

2,4-டி தெளித்த தெளிப்பானை வெறும் நீரில் அலசிவிட்டு, அதே தெளிப்பானில் பருத்திக்கோ மிளகாய்க்கோ பூச்சி மருந்து தெளிப்பதும் ஆபத்தானது. வளையத்திலும் குழாயிலும் ஒட்டியிருக்கும் எச்சமே பயிரைக் கெடுத்து விடும். களைக்கொல்லிக்கென்று தனித் தெளிப்பான் வைத்துக் கொள்வதே மேல். தனித்தனியே வாங்க இயலாத உழவர்கள் நான்கைந்து பேர் சேர்ந்து ஒன்றை வாங்கி வைத்துக் கொள்ளலாம்.

மூன்றாவது கேள்வி: இன்று எத்தனையாவது நாள்?

களைக்கொல்லிகளைக் களை முளைக்குமுன் இடுபவை, முளைத்த பின் தெளிப்பவை என இரண்டாகப் பிரிக்கலாம். முளைக்குமுன் இடும் மருந்து மண்ணின் மேல் மெல்லிய போர்வை போலப் படிந்திருக்கும். அதைத் துளைத்து வெளிவரும் இளங்களை மடியும். பென்டிமெத்தலின், பூட்டாகுளோர், பிரிட்டிலாகுளோர் ஆகியவை இத்தகையவை. இவற்றை விதைத்த அல்லது நட்ட மூன்று அல்லது நான்கு நாட்களுக்குள் இட்டுவிட வேண்டும். நான்கு இலை விட்டு நிற்கும் களைமேல் பென்டிமெத்தலினைத் தெளித்தால் களை அசையாது நிற்கும். விதைத்துப் பத்து நாள் கடந்துவிட்டால் முளைக்குமுன் இடும் மருந்தை மறந்துவிடுங்கள்.

முளைத்த பின் தெளிக்கும் மருந்துக்குக் களையின் வயதே முக்கியம். இரண்டு முதல் நான்கு இலை விட்ட களை எளிதில் சாகும். பூவெடுத்த களைக்கு மருந்து தெளிப்பது பணத்தை வரப்பில் கொட்டுவதற்கு ஒப்பாகும். மேலும், பயிரின் மொத்த வயதில் முதல் மூன்றில் ஒரு பங்குக் காலமே களைப் போட்டி கடுமையாக இருக்கும் காலம். நூற்று ஐந்து நாள் நெல்லுக்கு முதல் முப்பத்தைந்து நாட்கள் என்று கொள்ளலாம். அதற்குள் களையை அடக்க வேண்டும். அதன்பின் வயல் எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் இழந்த மகசூல் திரும்பி வராது.

நான்காவது கேள்வி: மண்ணில் ஈரம் எப்படி?

முளைக்குமுன் இடும் மருந்து வேலை செய்ய மண்ணில் ஈரம் வேண்டும். புழுதியாகக் கிடக்கும் மானாவாரி நிலத்தில் தெளித்தால் மருந்து பரவாது. இறவைப் பயிராயின் உயிர்த்தண்ணீர் விட்டு, கால் பதியாத அளவுக்கு நிலம் ஆறிய பின் தெளிக்கலாம். மானாவாரியில் நல்ல மழை பெய்து விதைத்த உடன் தெளிக்க வேண்டும். கட்டிகள் நிறைந்த நிலத்தில் கட்டிக்கு அடியில் மருந்து படாது. அங்கிருந்து களை முளைக்கும். எனவே நிலத்தை நன்கு பண்படுத்துவது களைக்கொல்லியின் பாதி வேலை. தெளித்த பின் அந்த நிலத்தைக் கிளறக் கூடாது. கிளறினால் போர்வை கிழிந்துவிடும். தெளிப்பவரும் பின்னோக்கி நடந்து சென்றால் தெளித்த இடத்தை மிதிக்காமல் இருக்கலாம்.

நடவு நெல்லில் வயலில் இரண்டரை செ.மீ. அளவுக்கு மெல்லியதாக நீர் நிறுத்தி, நட்ட மூன்று அல்லது நான்காம் நாளில் மருந்தை இட வேண்டும். ஏக்கருக்குத் தேவையான மருந்தை 20 கிலோ உலர்ந்த மணலுடன் கையுறை அணிந்து கலந்து, வயல் முழுவதும் சீராகத் தூவலாம். அடுத்த இரண்டு நாட்களுக்கு நீரை வடிக்கவும் கூடாது, புதுநீர் பாய்ச்சவும் கூடாது. மருந்து கலந்த நீரை வாய்க்காலிலோ குளத்திலோ வடிய விட்டால் மீனும் தவளையும் மடியும். உங்கள் பணமும் நீரோடு போகும்.

பிஸ்பைரிபேக் சோடியம் என்ற மருந்துக்கு முறை நேர் எதிரானது. இது களையின் இலைவழியே உள்ளே செல்வது. ஆகவே நீரை வடித்து, களைகள் நன்கு வெளியே தெரியும்படி செய்து தெளிக்க வேண்டும். பின் இரண்டு மூன்று நாட்களுக்குள் மீண்டும் நீர் கட்ட வேண்டும். ஒரே நெல் வயலில் ஒரு மருந்துக்கு நீர் வேண்டும், மற்றொன்றுக்கு நீர் கூடாது என்பதை நினைவிற் கொள்க.

ஐந்தாவது கேள்வி: அளவு எவ்வளவு?

பரிந்துரைகளில் பெரும்பாலும் "எக்டருக்கு இத்தனை கிலோ வீரியப் பொருள்" என்று குறிப்பிட்டிருக்கும். வீரியப் பொருள் என்பது புட்டியிலுள்ள உண்மையான மருந்து. மீதியெல்லாம் அதைக் கரைக்கும் பொருள்கள். புட்டியில் வீரியப் பொருள் எத்தனை சதம் என்று எழுதியிருக்கும். பரிந்துரைத்த அளவை நூறால் பெருக்கி, அந்தச் சதத்தால் வகுத்தால் வாங்க வேண்டிய அளவு கிடைக்கும்.

எடுத்துக்காட்டாக, பென்டிமெத்தலின் எக்டருக்கு 0.75 கிலோ வீரியப் பொருள் தேவை. புட்டியில் 30 சதம் என்றிருக்கிறது. 0.75-ஐ 100-ஆல் பெருக்கினால் 75. அதை 30-ஆல் வகுத்தால் 2.5. ஆகவே எக்டருக்கு இரண்டரை லிட்டர். ஓர் எக்டர் ஏறத்தாழ இரண்டரை ஏக்கர் ஆதலால், ஏக்கருக்கு ஒரு லிட்டர் போதும். அதே மருந்து 38.7 சதம் வீரியத்திலும் விற்கப்படுகிறது. அதை வாங்கினால் கணக்கு மாறும். பெயரை மட்டும் பார்த்து அளவை முடிவு செய்யக் கூடாது என்பது இதிலிருந்து விளங்கும்.

மருந்தின் அளவு தெரிந்தால் மட்டும் போதாது. நீங்கள் நடக்கும் வேகத்தில், உங்கள் தெளிப்பானில், ஏக்கருக்கு எவ்வளவு நீர் செலவாகிறது என்பதும் தெரிய வேண்டும். இதை ஒருமுறை அளந்து வைத்துக் கொள்ளுங்கள். 30 அடி நீளமும் 29 அடி அகலமும் கொண்ட ஓர் இடத்தை அளந்து குச்சி நடுங்கள். இது இரண்டு சென்ட். தெளிப்பானில் வெறும் நீரை அளந்து ஊற்றி, வழக்கமான நடையில் அந்த இடம் முழுவதும் தெளியுங்கள். மீதி நீரை அளந்து கழித்தால் செலவான நீர் தெரியும். நான்கு லிட்டர் செலவானால் ஏக்கருக்கு 200 லிட்டர் ஆகும். 10 லிட்டர் தெளிப்பானாயின் 20 டேங்க். ஏக்கருக்கு ஒரு லிட்டர் மருந்து என்றால் டேங்குக்கு 50 மில்லி ஊற்ற வேண்டும். 16 லிட்டர் தெளிப்பானாயின் டேங்குக்கு 80 மில்லி. புட்டி மூடியால் உத்தேசமாக ஊற்றுவதை விட்டுவிட்டு, அளவுக் குவளையால் அளந்து ஊற்றுங்கள்.

களைக்கொல்லி தெளிக்க விசிறி போல் பரவும் நாசில் வேண்டும். பூச்சி மருந்துக்குப் பயன்படும் கூம்பு வடிவ நாசில் நுண்ணிய துளிகளாகத் தெளிப்பதால் மருந்து காற்றில் பறக்கும். நிலத்திலும் சீராகப் படியாது. விசிறி நாசிலின் விலை மிகக் குறைவு, பயனோ பெரிது. ஒரே இடத்தில் இருமுறை தெளித்தால் அங்கே பயிர் கருகும். விட்டுப்போன இடத்தில் களை வளரும். மணற்பாங்கான நிலத்தில் மருந்து வேர்ப்பகுதிக்கு எளிதில் இறங்கும் என்பதால் பரிந்துரையின் குறைந்த அளவையே கடைப்பிடிக்க வேண்டும்.

சில பயிர்களுக்கான மருந்துகள்

நடவு நெல்: நட்ட 3 அல்லது 4-ஆம் நாள் 50 சத பூட்டாகுளோர் ஏக்கருக்கு ஒரு லிட்டர் அல்லது 50 சத பிரிட்டிலாகுளோர் 600 மில்லி. இதைத் தவற விட்டவர்கள், களை இரண்டு முதல் நான்கு இலைப் பருவத்தில் இருக்கும்போது 10 சத பிஸ்பைரிபேக் சோடியம் ஏக்கருக்கு 100 மில்லி தெளிக்கலாம். அகன்ற இலைக் களைகளும் கோரையும் மட்டும் மிகுந்திருந்தால், நட்ட மூன்று வாரத்தில் 80 சத 2,4-டி சோடியம் உப்பு ஏக்கருக்கு 500 கிராம். கதிர் உருவாகத் தொடங்கிய பின் 2,4-டி தெளிக்கக் கூடாது.

நேரடிச் சேற்று விதைப்பு நெல்: நடவு வயலுக்கான பிரிட்டிலாகுளோரை இங்கே இட்டால் முளைவிட்ட நெல்லும் பாதிக்கும். பாதுகாப்பி கலந்த பிரிட்டிலாகுளோர் என்றே கேட்டு வாங்க வேண்டும்.

பருத்தி: விதைத்த மூன்றாம் நாள் 30 சத பென்டிமெத்தலின் ஏக்கருக்கு 1 முதல் 1.3 லிட்டர். பின்னர் 35 முதல் 40 நாளில் ஒரு கைக்களை அவசியம்.

உளுந்து, நிலக்கடலை: புல் வகைக் களைகள் மட்டும் முளைத்திருந்தால் 15 முதல் 20 நாளில் 5 சத குவிசாலோபாப் எத்தில் ஏக்கருக்கு 400 மில்லி. இது புல்லினத்தைக் கொல்வதால் ஊடுபயிராக மக்காச்சோளமோ சோளமோ கம்போ இருந்தால் பயன்படுத்தக் கூடாது.

கரும்பு: கோரைக்கிழங்கு மிகுந்த தோட்டங்களுக்கு ஹாலோசல்பூரான் மீத்தைல் என்ற மருந்து பதிவு பெற்றுள்ளது. கோரையைக் கையால் பறித்தால் மண்ணுக்குள் கிழங்கு தங்கி மீண்டும் முளைக்கும். கோடை உழவில் கிழங்குகளைப் புரட்டி வெயிலில் காயவிடுவதும் பலன் தரும்.

எதையும் கொல்லும் மருந்துகள்

கிளைபோசேட், பாராகுவாட் ஆகிய இரண்டும் பயிர், களை என்று பார்ப்பதில்லை. பச்சையாக நிற்கும் எதையும் தாக்கும். கிளைபோசேட் இலையில் பட்டு வேருக்கும் கிழங்குக்கும் செல்வது. நம் நாட்டில் இது தேயிலைத் தோட்டத்துக்கும் பயிரற்ற இடங்களுக்கும் மட்டுமே பதிவு பெற்றது. 2022-ஆம் ஆண்டு அக்டோபரில், பயிற்சியும் உரிமமும் பெற்ற பூச்சிக் கட்டுப்பாட்டாளர் வழியே மட்டும் இதைப் பயன்படுத்த வேண்டும் என்று மத்திய அரசு ஆணை வெளியிட்டது. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2015-ல் இதை, மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கக் கூடும் என்று கருதப்படும் பொருள்களின் பட்டியலில் சேர்த்தது. ஆகவே "வரப்புக்குத்தானே" என்று அலட்சியமாகக் கையாளக் கூடாது. பருத்தி வரிசைகளுக்கிடையே தெளிக்கலாம் என்று யாரேனும் சொன்னால் கேளாதீர்கள்.

பாராகுவாட் பட்ட இடத்தை மட்டும் கருக்கும். ஒரு வாய் உள்ளே போனாலும் உயிரைக் குடிக்கும் நஞ்சு இது. இதற்கு மாற்று மருந்து இன்றுவரை இல்லை. குடிநீர்ப் புட்டியில் ஊற்றி வைப்பது, குழந்தைகளின் கைக்கெட்டும் இடத்தில் வைப்பது ஆகியவற்றால் குடும்பங்கள் அழியும். உங்கள் வீட்டில் இதை இருப்பு வைக்கவே வேண்டாம் என்பது எனது கருத்து.

வீட்டுத் தோட்டமும் தென்னந்தோப்பும்

வீட்டைச் சுற்றியுள்ள காய்கறிப் பாத்திகளுக்கும், முற்றத்துப் புல்தரைக்கும் களைக்கொல்லி தேவையில்லை. நான்கு சென்ட் இடத்துக்காக வாங்கும் மருந்தில் பெரும்பகுதி வீட்டில் மீந்து ஆபத்தாகி விடும். மண் ஈரமாக இருக்கும்போது களைக்கொத்தால் வேரோடு எடுத்து, பாத்தியில் வைக்கோலோ சருகோ பரப்பி மூடினால் வெளிச்சம் கிடைக்காமல் புதுக்களை முளைப்பது குறையும். தென்னந்தோப்பில் சணப்பையோ தட்டைப்பயறோ அடர்த்தியாக விதைத்துப் பூக்கும் சமயத்தில் மடக்கி உழுதால், களையும் அடங்கும், மண்ணும் வளம் பெறும்.

புறம்போக்கிலும் சாலையோரத்திலும் பெருகும் பார்த்தீனியத்தைப் பூக்குமுன் கையுறை அணிந்து பிடுங்குவதே நல்லது. வெறுங்கையால் தொட்டால் சிலருக்குத் தோல் அரிப்பு உண்டாகும். பயிரிடாத இடமாயின் ஒரு லிட்டர் நீருக்கு 200 கிராம் சமையல் உப்பைக் கரைத்து, செடி நனையத் தெளிக்கலாம். சாகுபடி நிலத்தில் உப்பு தெளித்தால் நிலம் கெடும். பார்த்தீனிய இலையைத் தின்னும் மெக்சிகோ நாட்டு வண்டு 1984-ல் பெங்களூரில் முதன்முதலாக வெளியிடப்பட்டு, பின்னர் பல மாநிலங்களில் பரவியது. மழைக்காலத்தில் செடியில் கோடு போட்ட அந்தச் சிறு வண்டுகளைக் கண்டால் கொல்லாமல் விடுங்கள்.

பழைய குறிப்பும் பழகிய மருந்தும்

பழைய பிரசுரங்களில் நிலக்கடலைக்கும் மக்காச்சோளத்துக்கும் அலாகுளோர் பரிந்துரைக்கப்பட்டிருப்பதைக் காணலாம். 2018-ஆம் ஆண்டு ஆணையின்படி, 2020 டிசம்பர் 31 முதல் அது நம் நாட்டில் தடை செய்யப்பட்டு விட்டது. அப்பா எழுதி வைத்த குறிப்பேடு மதிப்புக்குரியதே; ஆயினும் மருந்தின் பெயரை மட்டும் இன்றைய பரிந்துரையோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

ஒரே மருந்தை ஆண்டுதோறும் பயன்படுத்துவதும் தவறு. பஞ்சாப், அரியானா மாநிலங்களின் கோதுமை வயல்களில் ஐசோபுரோட்டுரான் என்ற ஒரே மருந்தைப் பல ஆண்டுகள் தொடர்ந்து தெளித்தார்கள். 1990-களின் தொடக்கத்தில், அங்குள்ள ஃபாலாரிஸ் என்ற புல் அந்த மருந்துக்குச் சாகாத தன்மையைப் பெற்று விட்டது. மருந்துக்குத் தப்பிய சில செடிகளின் விதைகளே ஆண்டுக்காண்டு பெருகி வயலை நிறைத்தன. நம் நெல் வயல்களில் அந்த நிலை வராமலிருக்க, மருந்தை மாற்றுங்கள், பயிரையும் மாற்றுங்கள். மருந்துக்குத் தப்பி நிற்கும் களையை விதை கட்டுமுன் கையால் பறித்து விடுங்கள். வரிசை நடவு செய்தவர்கள் உருளும் களைக்கருவியைப் பயன்படுத்தினால் களை சேற்றிலேயே மடிந்து உரமாகும்.

வாங்கும்போதும் தெளிக்கும்போதும்

உரிமம் பெற்ற கடையில் ரசீதுடன் வாங்குங்கள். பதிவு எண், தொகுதி எண், காலாவதி நாள் ஆகியவற்றைப் பார்த்து வாங்குங்கள். பயிர் பாதித்தால் ரசீது இல்லாமல் முறையிட இயலாது. லேபிளிலுள்ள சதுரத்தின் நிறம் நஞ்சின் கடுமையைக் காட்டும்: சிவப்பு மிகக் கடுமை, அடுத்து மஞ்சள், நீலம், பச்சை என்று குறைந்து செல்லும். பச்சை நிறம் இருப்பதால் பாதுகாப்பை விட்டுவிடலாம் என்று பொருளல்ல. கையுறை, முகமூடி, முழுக்கைச் சட்டை அணிந்து, காற்று அடங்கிய காலை நேரத்தில் காற்றின் போக்கிலேயே தெளிக்க வேண்டும். பூச்சி மருந்தையோ யூரியாவையோ உங்கள் விருப்பப்படி களைக்கொல்லியுடன் கலக்காதீர்கள். காலிப் புட்டியை நீர் ஊற்றி மும்முறை அலசி, அந்த நீரைத் தெளிப்பானிலேயே ஊற்றி, புட்டியைத் துளையிட்டு அப்புறப்படுத்த வேண்டும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம்

உங்களுக்கு ஓர் ஏக்கர் பருத்தி இருக்கிறது. விதைத்து 20 நாள் ஆகிறது. மூன்றாம் நாள் மருந்தைத் தவற விட்டீர்கள் என்று வைத்துக் கொள்வோம். பென்டிமெத்தலினுக்குக் காலம் கடந்துவிட்டது. வயலைச் சுற்றி வந்து தண்டை உருட்டிப் பார்க்கிறீர்கள். மேட்டுப் பகுதியில் அரை ஏக்கரில் உருண்டைத் தண்டு; அது புல். வாய்க்கால் ஓரம் மூன்று பட்டைத் தண்டு, அது கோரை. மற்ற இடங்களில் ஆங்காங்கே சாரணை. புல் நிற்கும் அரை ஏக்கருக்கு மட்டும் குவிசாலோபாப் எத்தில் 200 மில்லி வாங்கினால் போதும். கோரையையும் சாரணையையும் இரண்டு ஆட்களைக் கொண்டு கொத்தி எடுத்துவிடலாம். ஏக்கர் முழுவதுக்கும் மருந்து வாங்கியிருந்தால், பாதிச் செலவு வீணாகியிருக்கும். கோரையும் சாரணையும் அப்படியே நின்றிருக்கும்.

களைக்கொல்லி உங்களுக்குப் பதிலாக வயலைப் பார்க்காது. அதைப் பார்க்கும் கண் உங்களுடையது. களையின் பெயர் தெரியாவிட்டால் கவலை வேண்டாம். இரண்டு செடிகளை வேரோடு பிடுங்கி, ஈரத்துணியில் சுற்றி, உங்கள் வட்டார வேளாண் அலுவலரிடமோ அருகிலுள்ள வேளாண் அறிவியல் நிலையத்திலோ காட்டுங்கள். இதற்குக் கட்டணம் ஏதுமில்லை. மருந்துக் கடைக்குப் போகும் வழியில் அந்த ஒரு நிறுத்தம் உங்கள் பயிரைக் காப்பாற்றும்.